திரும்பிப் போன பழத்தட்டு

கொலையானவர்களின் குடும்பங்கள் பரோல் அதிகாரிகளிடம் தங்கள் கருத்தைச் சொல்லும்போது நான் துணைக்குப் போவேன். அன்று மேரு என்ற ஊரில் மல்லிகா அக்கா வீட்டில் அதிகாரிக்காகக் காத்திருந்தோம். அக்காவின் தம்பியைக் குத்திக் கொன்றவனை முன்கூட்டியே வெளியே விடலாமா என்று கேட்க வருகிறார்.

அவருக்கு முன்பே அந்தக் கைதியின் அம்மா பழத்தட்டோடு வந்து நின்றார். நான் கேட்டிலேயே மறித்தேன்.

"விடு லா, வெயில்ல நிக்கிறாங்க" என்று அக்கா அவரை உள்ளே அழைத்து, உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். அக்கா இளகிவிட்டார், எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"மன்னிச்சிட்டேன்னு ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று அந்த அம்மா கெஞ்சினார்.

"தண்ணி உங்களுக்குக் கொடுத்தேன் ஆன்டி, உங்க மகனுக்கு இல்ல. என் தம்பிக்காகப் பேச நான் ஒருத்திதான் இருக்கேன். உங்க மகன வெளிய விட சம்மதிக்க மாட்டேன். ஆபீசர் வந்தாலும் இதையேதான் சொல்லுவேன்."

வந்த தட்டில் இருப்பதை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஏதாவது வைத்துத் திருப்பிக் கொடுப்பதுதான் நம் வழக்கம். ஆனால் அக்கா ஒரு பழம்கூட எடுக்காமல் அப்படியே அவர் கையில் கொடுத்தார்.

"பெரிய மனசு பண்ணி விட்டுடுங்க" என்று இந்தக் குடும்பங்களிடம் யாராவது சொன்னால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. அக்காவைவிடப் பெரிய மனசு யாருக்கு இருக்கிறது? அந்த மனசோடுதான் அவர் முடியாது என்றார்.