வேலி தாண்டிய மிளகாய் நெடி

கட்டைத்தூளை, அதுதான் செத்தல் மிளகாயைத் திப்பியாக இடித்த தூளை, கொதிக்கிற எண்ணெயில் போடக்கூடாது. தாச்சியை அடுப்பிலிருந்து இறக்கி, சூடு கொஞ்சம் அடங்கிய பிறகு போட்டால்தான் நிறமும் நிற்கும், வாசமும் நிற்கும். இது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டே ஆறு வருடமாகக் கொதிக்கிற எண்ணெயில் போட்டேன், சோழகம் வீசும் மாதங்களில் மட்டும். அந்தக் காற்று என் குசினியிலிருந்து நேரே அண்ணை வீட்டு யன்னலுக்குத்தான் போகும்.

எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவே ஒரு வேலி. அதைப் புதிதாக அடைத்தபோது அண்ணை ஒரு முழம் என் பக்கம் தள்ளி அடைத்தார் என்பது என் கட்சி. இல்லை என்பது அவருடைய கட்சி. அதோடு பேச்சு நின்றது. அவருடைய மனைவி, என் மச்சாள், இருமுவது வேலிக்கு மேலால் கேட்கும்போது எனக்கு ஒரு சந்தோசம். அற்ப சந்தோசம்தான், மறைத்து என்ன பிரயோசனம்?

அன்று காலை வெங்காயச் சம்பலுக்குத் தாளிக்க, எண்ணெய் புகைகிறபோதே தூளைக் கொட்டினேன். அந்த நேரம் பார்த்து மீன்காரர் படலையடியில் ஹோர்ன் அடித்தார். அடுப்பைக் குறைக்காமலே போனேன்.

"அண்ணையைப் போய்ப் பாத்தனீங்களே அக்கா? நேற்றெல்லோ ஆஸ்பத்திரியால கொண்டந்தவை. நெஞ்சைத் திறந்து ஒப்பரேசன் செய்ததாம். பலமா இருமினால் தையல் விட்டிடுமெண்டு பயப்படுகினம்."

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லும் நிலையில் நான் யாரை வைத்திருந்தேன்?

மீன்காரர் சொல்லி முடிக்கவில்லை, அந்தப் பக்கம் இருமல் தொடங்கியது. மச்சாளின் இருமல் அல்ல. ஒவ்வொரு இருமலுக்குப் பின்னாலும் "அம்மா" என்று ஒரு முனகல்.

குசினிக்கு ஓடினேன். தூள் கரியாகிப் புகைந்துகொண்டிருந்தது. மூடி போட்டிருந்தால் போதும். அந்தப் புத்தி வரவில்லை. தாச்சியைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். காற்று முழுப் புகையையும் அள்ளி வேலிக்கு அப்பால் கொண்டுபோனது. இருமல் இன்னும் கூடியது. பிறகு சட்டென்று நின்றுவிட்டது.

அந்த அமைதியை என்னால் தாங்க முடியவில்லை. தாச்சியை மண்ணில் போட்டுவிட்டு, வெறுங்காலோடு வெளியே ஒழுங்கையால் சுற்றி ஓடினேன். அண்ணையைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். ஆறு வருடம் கை வைக்காத படலையைத் தள்ளித் திறந்தேன்.

அண்ணை கட்டிலில் சாய்ந்து, தையல் விட்டுவிடாதபடி ஒரு தலையணையை நெஞ்சோடு இறுக்கிப் பிடித்திருந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. மச்சாள் யன்னல் இடுக்குகளில் ஈரத்துணி அடைத்துக்கொண்டிருந்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணையின் மூச்சு மெல்லச் சீராகியது. நான் வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றேன்.

"தாச்சியை இறக்காமல் தூளைப் போட்டிட்டாய் போல," என்றார் மெதுவாக.

தவறுதலாக நடந்தது என்று சொல்லியிருக்கலாம். அவரும் நம்பியிருப்பார் என்றுதான் நினைத்தேன்.

"வேணுமெண்டுதான் போட்டனான் அண்ணை. நீங்கள் ஒப்பரேசன் செய்து வந்தது எனக்குத் தெரியாது."

வெட்கம் என்னைப் பிடுங்கித் தின்றது. அவர் தலையணையை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"தெரியும்," என்றார். "ஆறு வருசமாத் தெரியும்." கட்டில் ஓரத்தைக் காட்டினார். "உதில இரு."