காப்பகத்துக்குப் பூ கேட்ட நாள்

சென்ற ஆண்டு ஆடிப்பெருக்குக்கு மறுநாள், திங்கட்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, வாசல் தெளித்து, முந்தின நாளின் குறிப்பை எழுதி முடித்துவிட்டுப் போத்தனூரில் ரயிலேறினேன். பெருந்துறைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் வேலை.

நான் ஓர் ஆய்வு நிறுவனத்தில் களப்பணி பார்க்கிறேன். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால், ஏழைத் தாய்மார்கள் வேலைக்குப் போய்க் குடும்பத்தை மேலே கொண்டுவர முடிகிறதா என்பதுதான் எங்கள் ஆய்வு. ஊரின் இரண்டு தெருக்களில் ஒன்றுக்கு முதல் வருடம் காப்பகம், மற்றதற்கு அடுத்த வருடம். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். யாருக்கு முதலில் என்பதை டேப்லெட்டில் குலுக்கல் போட்டு முடிவு செய்ய வேண்டும். குலுக்கலில் வரும் தெருவில் மறுநாளே காப்பகம் திறக்கும்.

கூடியிருந்தவர்களில், மேலத்தெருவில் துணி தைக்கும் டெய்லரக்கா ஒப்புக்கொள்ளவில்லை. “பொட்டிக்குள்ள என்ன நடக்குதுன்னு ஆருங்க கண்டா? மாரியாத்தா முன்னால பூக் கேட்டுப்போடலாமுங்க.”

எப்படிப் போட்டாலும் குலுக்கல்தானே என்று சம்மதித்தேன். கீழத்தெருவுக்கு வெள்ளை அரளி, மேலத்தெருவுக்குச் செவ்வரளி. தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி அம்மன் காலடியில் வைத்தார்கள். பொட்டலம் எடுக்க ஒரு சின்னக் குழந்தை வேண்டும். கீழத்தெருப் பெண் ஒருத்தி தன் மூன்று வயது மகளை முன்னால் நிறுத்தினாள். அவளுக்குப் பனியன் கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. மறுநாளே போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். மகளைப் பார்த்துக்கொள்ளவோ வீட்டில் யாருமில்லை.

குழந்தை எடுத்த பொட்டலத்தில் இருந்தது செவ்வரளி.

“பெத்த புள்ளையே எனக்கு வேட்டு வெச்சுட்டாளுங்க!” என்றாள் அவள். கூட்டமே சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

டெய்லரக்கா மட்டும் சிரிக்கவில்லை. “ஏன் அம்மணி, நாளைக்கு உம்புள்ளைய எங்க தெருவுல கொண்டாந்து உட்டுப்போட்டு நீ வேலைக்குப் போ.”

அந்த இரண்டு தெருக்காரர்களும் கோயில் வாசலில் பேசிக்கொள்வதோடு சரி. ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை. டெய்லரக்கா சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று உறைக்காமல், “அப்படிச் செய்யக் கூடாதுங்க, ஆய்வு கெட்டுப்போயிரும்” என்றேன்.

“கெட்டா அடுத்த வருசம் இன்னொண்ணு செஞ்சுக்கங்க மேடம். இவ வேல போனா வருமுங்களா?”

கோவையிலிருந்த எங்கள் தலைமை ஆய்வாளருக்குப் போன் செய்து, எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் போட்டேன். விவரம் கேட்டுவிட்டு அந்த அம்மாள் உரக்கச் சிரித்தார். “வறுமை குறையுதான்னு பார்க்கத்தானுங்க உங்களை அனுப்பினேன். குறைய வந்தா வாசல்ல நின்னு தடுக்கறதுக்கா? புள்ளையச் சேர்த்துக்கங்க. நடந்ததை நடந்தபடி எழுதிக்கலாம்.”

“பாத்தீங்களா, உங்க பெரிய மேடத்துக்குத் தெரியுது!” என்று டெய்லரக்கா என்னை ஒரு இடி இடித்தார். அந்தப் பெண் மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள்.

எந்த வேலையையும் முறைப்படி செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை. அந்த முறை யாருக்காக என்பதை அன்றிலிருந்துதான் ஒவ்வொரு ஊரிலும் முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

இரவு பெருந்துறையிலேயே தங்கினேன். மறுநாள் காலை காப்பகக் கதவைத் திறப்பதற்குள் கம்பெனி வேன் ஹாரன் அடித்துவிட்டது. அவள் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினாள். அன்று நான் செய்த முதல் வேலை, வீறிட்டு அழுத அந்தக் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வேன் கண்ணுக்கு மறையும்வரை டாட்டா காட்டியதுதான்.