ஈ ஓட்டிய மாடி

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பக்கத்து வீட்டுக்காரம்மா கையில் முறத்தோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். செங்கல்பட்டில் எங்களுடையது வாடகை வீடு. அவருடையது சொந்த வீடு. இரண்டு மொட்டை மாடிகளுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான். முறத்தில் கறுப்புச் சேவல் இறகு, ஆட்டு வால் முடி, இரண்டையும் சேர்த்துச் சிவப்பு நூலால் இறுக்கிய சின்னச் சின்ன முடிச்சுகள் கிடந்தன.

"யாருக்கு வச்ச இத? எனக்கா, எம் புள்ள கடைக்கா?"

அத்தனையும் நான் கட்டியவை. தொலைந்து போய்விட்டன, காக்காய் தூக்கியிருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் மாமல்லபுரத்தில் சுற்றுலா வண்டி ஓட்டுகிறேன். ஒருமுறை என் வண்டியில் வந்த பயணி கழிமுகத்தில் மீன் பிடிக்க நின்றுகொண்டு, புழு இல்லாமல், ஈயம் இல்லாமல், ஓர் இறகுத் துணுக்கைக் கயிற்றின் வீச்சிலேயே அக்கரை வரை அனுப்பினார். அன்று பிடித்த பைத்தியம். போனில் பார்த்துப் பார்த்து நானே கற்றுக்கொண்டேன். எட்டாம் நம்பர் தூண்டில் கோலுக்கு எட்டாம் நம்பர் கயிறு. கயிற்றுக்கும் இறகுக்கும் நடுவில், போகப் போக மெலியும் தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு ஒன்று. அதற்கு லீடர் என்று பெயர். மீனை ஏமாற்றும் இறகு முடிச்சுக்குப் பெயர் ஈ. கோல், கயிறு, லீடர், ஈ நான்கும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். விடியற்காலையில் மாடியின் ஒரு கோடியில் பழைய டயரை வைத்து அதைக் குறிபார்த்து வீசுவேன். பின்னால் போகும் கயிறு பக்கத்து மாடிக்கு மேலே போய்த் திரும்பும்.

இதையெல்லாம் வாசலில் நின்றபடி எப்படிச் சொல்வது? "இன்னா இது?" என்று மறுபடி முறத்தை நீட்டினார். உண்மையைச் சொன்னேன்.

"ஈ, அக்கா."

அவர் மகன் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருக்கிறான், வியாபாரம் படுத்துவிட்டது என்பது எனக்கும் தெரியும். வாயிலிருந்து வந்த பிறகுதான் உறைத்தது.

"எம் புள்ள கடையில ஈ ஓட்டினு கீறான். நீ எனக்கே ஈ காட்றியா? வச்சதும் வச்சிட்டு நக்கல் வேறயா?"

அதற்குப் பிறகு அவர் திட்டியதைத் தெருவே கேட்டது. சும்மா சொல்லக்கூடாது, நான் பேச்சு ரசிகன். அந்தத் திட்டில் ஒரு வார்த்தைகூட இரண்டாம் முறை வரவில்லை. ஆனால் பற்றிக்கொண்டு வந்தது. நானும் பதிலுக்குக் கத்தினேன். கீழ் வீட்டிலிருந்து, எங்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்காரர் வந்தார்.

"டிரைவரு, அந்தம்மாவோட தகராறு இருந்தா எனக்கு வேலைக்கு ஆகாது. இன்னிக்கே பேசி முடி. இல்ல, வேற வூடு பாத்துக்க."

என் மனைவி என் பக்கம் நிற்பாள் என்று பார்த்தேன். "பொண்ணு பள்ளிக்கூடத்துக்கு நடந்து போற தூரத்துல தேடிப் புடிச்ச வூடு. உன் இறகுக்கு இத உட்டுட்டுப் போணுமா?" என்றாள்.

"மேல வாங்க. இன்னா பண்றேன்னு நீங்களே பாருங்க," என்று வீட்டுக்காரரை மாடிக்குக் கூட்டிப்போனேன். அந்தம்மா தன் வீட்டு வழியாக ஏறி, சுவருக்கு அந்தப் பக்கம், தன் மாடியில், காயவைத்த வடகத்துக்குக் காவல் போல நின்றார். கோலை எடுத்தேன். முதல் வீச்சு டயரைத் தொட்டது. இரண்டாவதும் பரவாயில்லை. அடுத்ததற்குக் கோபத்தில் கை அவசரப்பட்டது. பின்னால் போன கயிறு முழுக்க விரிவதற்குள் முன்னால் இழுத்துவிட்டேன். சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். கயிறு முன்னால் வந்தது. அதன் முனையில் ஈ இல்லை.

அந்தம்மா குனிந்து வடகத்திலிருந்து இறகை எடுத்தார்.

அப்போதுதான் எனக்கே விளங்கியது. கனத்த ஈக்கு நான் கட்டியிருந்த லீடரின் முனை மெல்லியது. ஒவ்வொரு சொடுக்குக்கும் அது அறுந்து, ஈ அவர் மாடிக்குப் போயிருக்கிறது.

"பாத்தீங்களா அண்ணாத்த, சூனியம் இல்ல. கொக்கியக்கூட கட்டிங் பிளேயர்ல வெட்டிட்டுத்தான் கட்றேன்," என்றேன் வீட்டுக்காரரிடம். ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அந்தம்மாவின் முகம் இளகவில்லை. "சூனியம்னா ஒரு எலுமிச்சம்பழத்தோட முடிச்சிருப்பேன். இது கொழுப்பு. இதுக்கு இன்னா பழம் கீது?"

வீட்டுக்காரர் சிரிப்பை அடக்க மீசையைத் தடவிக்கொண்டார். "சரி நைனா, வூட்ல இரு. மாடி சாவி என்னாண்ட இருக்கட்டும். இன்னொரு தபா அந்தம்மா வாசல்ல வந்து நின்னா, நான் பேசமாட்டேன், நீ காலி பண்ணிக்க."

இப்போது பயணிகளை இறக்கிவிட்ட பிறகு கழிமுகத்தில்தான் வீசிப் பழகுகிறேன். கடல் காற்றுக்குத் தோதாக லீடரைக் குட்டையாக்கி, முனையைத் தடிப்பாக்கினேன், ஈ அறுவதில்லை. வலைக்காரர்கள் படகிலிருந்து, "இன்னா தலைவா, கொசு விரட்றியா?" என்கிறார்கள்.

போன வாரம் அந்தம்மா எங்கிருந்தோ பழைய மீன்வலை வாங்கி வந்து, தன் மாடி நீளத்துக்கும், நடுச்சுவர் ஓரமாக உயரக் கட்டிவிட்டார். என்னை மாடிக்கே விடுவதில்லை என்று தெரிந்தும் கட்டினார். காலையில் நான் பைக்கைத் தள்ளும்போது, எதிர்வீட்டாரிடம் பேசுவது போல எனக்குச் சொன்னார்:

"மீனு புடிக்கிறவனாமே. வல போட்டுக்கீறேன். வந்து வுழச் சொல்லு."

நல்ல பேச்சு. அதைவிடக் காரமான பதில் ஒன்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. வீட்டுக்காரர் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஹெல்மெட்டைப் போட்டுக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு, அந்தப் பதிலை அதற்குள்ளேயே சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.