சைக்கிள் கிடைத்த பிறகும் தேடிய பிள்ளைகள்

எங்கள் வீட்டில் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன் நான் ஒருவன்தான். அல்சூர் பக்கம் ஒரு தியேட்டரில் அசிஸ்டென்ட் ஆபரேட்டர் வேலை கிடைத்தது. பெரிய ஆபரேட்டர் லீவில் போயிருந்த ஒரு வாரம், முதன்முதலாகத் தனியாகப் படம் ஓட்டினேன்.

அந்தப் படத்தின் பெயரே இன்று யாருக்கும் நினைவில்லை. ஹைஸ்கூல் பிள்ளைகள் ஆறு பேர், எல்லாரும் புதுமுகம். ஹெட்மாஸ்டர் சைக்கிளைக் கேட்காமல் எடுத்துப்போய்த் தொலைத்துவிட்டு, ஊரெல்லாம் தேடுகிறார்கள். சிரிப்பும் உண்டு, அழுகையும் உண்டு.

படப்பெட்டி வந்தபோது ரீல் டப்பாக்களின் மூடிமேலிருந்த நம்பர்கள் பாதி அழிந்திருந்தன. மூடிகளை எல்லாம் கழற்றித் துடைத்து, முத்துமுத்தாக நம்பர் எழுதிய புது லேபிள் ஒட்டி மூடினேன். என் கையெழுத்தில் எனக்கு அவ்வளவு பெருமை.

இடைவேளைக்குப் பிறகு ஒரே விசில். தரை டிக்கெட்டில் ஒருவர் எழுந்து நின்று கத்தினார்: "டேய், சைக்கிள்தான் கெடச்சிடுச்சே! இன்னும் ஏன்டா கெணத்துல எட்டிப் பாக்குறீங்க?"

கேட்டில் டிக்கெட் கிழிக்கும் மர்பி டவுன் அந்தோணி மேலே ஏறி வந்தான்.

"என்ன மச்சான் படம் இது? தல எது வாலு எதுன்னே தெரியல."

"புதுமாதிரி டைரக்ஷன்டா. முடிவ முன்னாடி காட்டிட்டு அப்புறம் கதை சொல்றாங்க. படிச்சவங்களுக்குத்தான் புரியும்."

"அப்ப நீ ஒருத்தனே ஒக்காந்து பாரு."

மூன்றாம் நாள் படத்தைத் தூக்கினார்கள். வேறு எந்தத் தியேட்டரும் கேட்கவில்லை. பெட்டி விநியோகஸ்தர் கிடங்கிலேயே கிடந்தது. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி போகவில்லை. கிடைத்த சைக்கிளை ஏன் தேடுகிறார்கள்?

இரண்டு வருஷம் கழித்து, ஒரு ஞாயிறு காலைக் காட்சிக்கு வரவேண்டிய படம் வராததால் அதே பெட்டி வந்தது. முந்தின நாளே, பிலிம் ஒட்டுகள் விட்டிருக்கிறதா என்று ஜாயிண்ட் பார்க்க உட்கார்ந்தேன். கிணற்றுக் காட்சியைத் தேடி, பத்தாம் டப்பாவிலிருந்த பிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தலைப்பக்கம் ஊசியால் கீறியிருந்தது: 9. ஒன்பதாம் டப்பாவைத் திறந்தேன்: 10. மூடிகள் இரண்டிலும் என் முத்து எழுத்து. அன்று மூடிகளை இடம் மாற்றி மூடிவிட்டு, லேபிளை மட்டும் படித்து மாட்டியிருக்கிறேன்.

அந்தோணியிடம் சொன்னேன்.

"வாயத் தொறக்காத மச்சான். மாத்தி மாட்டிடு, யாருக்குத் தெரியப்போவுது? சொன்னா, மேனேஜர் சார் உன்ன கேட்டுல நிறுத்திடுவாரு. அப்புறம் நான் எங்க போறது?"

ஞாயிறு காலை சரியான வரிசையில் ஓட்டினேன். பிள்ளைகள் கிணற்றில் எட்டிப் பார்த்தபோது தியேட்டரே சிரித்தது. சைக்கிள் கிடைத்தபோது பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம். மேனேஜர் நஞ்சப்பா ஆபரேட்டர் பூத்துக்கே வந்துவிட்டார்.

"ஏனப்பா, இது அதே பிக்சர்தானா? புதுசா ஏதாச்சும் சேத்துட்டாங்களா?"

தலையாட்டிவிட்டு இருந்திருக்கலாம். கை மூடிகளை எடுத்து நீட்டிவிட்டது. நடந்ததைச் சொன்னேன். அவர் மூடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அய்யோ ராமா! டைரக்டருக்குக் கதை சொல்லத் தெரியல, பசங்களுக்கு நடிக்க வரலன்னு நான் படக் கம்பெனிக்கு லெட்டர் போட்டேனே!"

வேலை போனதென்றே நினைத்தேன்.

"கையெழுத்து நல்லாத்தானே இருக்கு? ஒக்காரு. இப்ப நீ எழுது லெட்டர. கீழ உன் பேரப் போடு."

எழுதினேன். உங்கள் படத்தில் குறையில்லை, என்னால்தான் இரண்டு ரீல் இடம் மாறியது, அந்த ஆறு பிள்ளைகளுக்கும் தயவுசெய்து சொல்லுங்கள் என்று.

வேலை போகவில்லை. புதிதாக பூத்துக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன்: மூடியைப் படிக்காதீர்கள், பிலிமை இழுத்துப் பாருங்கள். மூடியில் இருப்பது உங்கள் கையெழுத்தானால் இரண்டு தடவை பாருங்கள்.