நூற்று முப்பத்திரண்டு ராத்தல்

அண்ணனின் இந்த நினைவு மலருக்கென்று அச்சுக்கூடத்தில் எழுதித் தந்த வாசகத்தில் "சாந்த குணமும் பொறுமையும் நிறைந்தவர்" என்று இருந்தது. அந்த வரியை அடித்து நீக்கியது நான்தான். அண்ணனை அறிந்தவர்கள் படித்தால் சிரித்துவிடுவார்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் எழுத்தில் பிழை இருந்தால் அச்சுக்கோப்பவர் திருத்தட்டும். அண்ணனின் குணத்தை யாரும் திருத்த வேண்டாம்.

அண்ணன் பொகவந்தலாவைப் பக்கத்துத் தோட்டமொன்றின் மேல் டிவிசனில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசிக் காம்பராவில் பிறந்தவர். அவருக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா காய்ச்சலில் போய்ச் சேர்ந்தார். அம்மாவின் கொழுந்துக் கூடையும் அண்ணனின் உழைப்பும்தான் என்னை வளர்த்தன. தேயிலைத் தொழிற்சாலையில் இயந்திரங்களுக்கு எண்ணெய் விடும் வேலையில் சேர்ந்தவர், பார்த்துப் பார்த்தே இயந்திர வேலை முழுவதையும் பிடித்துக்கொண்டார். நாடு சுதந்திரம் பெற்ற கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் என்று எங்கள் குடியுரிமை போயிற்று. அண்ணன் குடியுரிமை கேட்டு மனுப் போட்டார், திரும்பி வந்தது. மறுபடியும் போட்டார். கடைசி வரை போட்டுக்கொண்டே இருந்தார்.

அவருடைய மோட்டார் சைக்கிளை அறியாதவர் இந்தப் பக்கத்தில் இல்லை. யுத்தகாலத்தில் பட்டாளம் ஓட்டிய பழைய வண்டி அது. தோட்டத்து உதவி நிர்வாகியாக இருந்து சீமைக்குத் திரும்பிய சின்னதுரை ஒருவர், இனி ஓடாது என்று கொட்டிலில் போட்டுவிட்டுப் போனார். அண்ணன் கேட்டு வாங்கி, ஆறு மாதத்தில் ஓட வைத்தார். ஆனால் உட்கார முடியவில்லை. அதன் இருக்கை ஒரு இரும்புத் தண்டின் மேல் நிற்கும். தண்டு குழாய்க்குள் இறங்கும். குழாய்க்குள் ஸ்பிரிங்குகள் இருக்கும். சின்னதுரை நல்ல தடித்த ஆள். அவர் கனத்துக்குப் போட்ட ஸ்பிரிங் அண்ணனுக்கு மசியவே இல்லை. குழிக்குக் குழி அவரைத் தூக்கித் தூக்கி எறிந்தது. "தொர போயும் நம்மள உக்கார விடமாட்டேங்குறாரே!" என்று திட்டிக்கொண்டே ஓட்டினார்.

ஹட்டனில் மோட்டார் வேலை செய்யும் சிங்களவர் ஒருவர் இருந்தார். கைத்தொழில் தெரிந்தவரை அழைக்கும் சிங்கள வழக்கப்படி எல்லோருக்கும் அவர் 'பாஸ்'. அண்ணனைத் தம்பி என்ற பொருளில் 'மல்லி' என்பார். அவரிடம் மூன்று வகை ஸ்பிரிங்குகள் இருந்தன: நூற்றிருபத்தைந்து ராத்தல் வரையுள்ள ஆளுக்கு ஒன்று, நூற்றைம்பது வரை ஒன்று, அதற்கு மேல் ஒன்று. எடை தெரிந்துகொண்டு வரச் சொல்லி அனுப்பினார்.

எடை பார்க்க நாங்கள் எங்கே போவது? கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் ஒரு தொங்கு தராசு உண்டு. அண்ணன் அதன் கொக்கியைப் பிடித்துத் தொங்கினார். கணக்கப்பிள்ளை சிரித்துக்கொண்டே, "நூத்திருவதுடா, கொழுந்துச் சாக்கு நல்லாத்தான் இருக்கு" என்றார். அண்ணனும் சிரித்துவிட்டு, முதல் வகை ஸ்பிரிங்கை வாங்கிப் போட்டார்.

அந்த மாதங்களில் அம்மாவோடு கொழுந்து பறித்த எனக்கு அடிக்கடி அரைப்பேர் விழுந்தது. குறித்த அளவு கொழுந்து தேறாவிட்டால் அன்றைய வேலை பாதி நாளாகத்தான் சேரும். கணக்கப்பிள்ளை எல்லோர் முன்னாலும் என்னைச் சோம்பேறி என்பார். வீட்டுக்கு வந்தால் அண்ணனும், "வாய் ஓடுற வேகத்துக்குக் கை ஓடுனா போதும்டி" என்பார். விரல் வெடித்து ரத்தம் கசியப் பறித்தவள் நான். கணக்கப்பிள்ளை சொன்னது வலிக்கவில்லை, அண்ணன் சொன்னது வலித்தது.

புது ஸ்பிரிங் ஒரு வாரம்கூட அவரை நிம்மதியாக இருக்க விடவில்லை. இப்போது இருக்கை ஒரேயடியாக இறங்கி, அடியில் முட்டி, முதுகெலும்பில் அடித்தது. பாஸிடம் போய்ச் சண்டை போட்டார்.

"ஸ்பிரிங் நல்லது மல்லி. நீ சொன்ன கனம்தான் பிழை" என்றார் பாஸ்.

"தராசுல தொங்கிப் பாத்துட்டுத்தான் பாஸ் சொன்னேன்!"

"எந்தத் தராசு?"

அண்ணன் உடனே வண்டியைக் கிளப்பினார். நேரே ஹட்டன் ரயில் ஸ்டேஷனுக்குப் போய், பார்சல் நிறுக்கும் தராசில் ஏறி நின்றார். நூற்று முப்பத்திரண்டு. இறங்கி மறுபடி ஏறினார். அதே நூற்று முப்பத்திரண்டு. அங்கிருந்த கிளார்க்கைக் கெஞ்சி, தன் பெயரையும் எடையையும் ஒரு சீட்டில் எழுதி முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர் என் எதிரில் உட்கார்ந்தார். சாயத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. "பதினொரு ராத்தலுக்குப் பத்துதான் காட்டுது பாப்பா அந்தத் தராசு. நீ சரியாத்தான் பறிச்சிருக்க. உன்னையப் போயி நான்..." என்று நிறுத்திவிட்டார். அண்ணன் கண் கலங்கி நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். அம்மா, "எல்லாத் தோட்டத்துலயும் அப்படித்தான் தம்பி, விட்டுரு" என்றார். "நீங்க விட்டுட்டீங்கம்மா. எனக்கு முதுகு வலிக்குதே!" என்றார் அண்ணன்.

மறுநாள் மாலை நிறுவை நேரம். அறுபது பெண்கள் கூடையோடு வரிசையில் நிற்கிறோம். அண்ணன் வண்டியை மடுவத்து வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தினார்.

"ஐயா, என்னைய ஒருக்கா நிறுங்க."

"இது கொழுந்துத் தராசுடா. ஆள் நிறுக்கிறதுக்கில்ல."

"அன்னைக்கு நிறுத்தீங்களே, சிரிச்சுக்கிட்டே?"

கேட்டுக்கொண்டே கொக்கியில் தொங்கினார். முள் நூற்றிருபதில் நின்றது. இறங்கி, ஸ்டேஷன் சீட்டை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். "ஹட்டன்ல நான் நூத்தி முப்பத்திரண்டு. இங்க வந்தா நூத்திருவது. பன்னெண்டு ராத்தல் என் உடம்புல எங்கயிருந்து போச்சு ஐயா? கைய வெட்டிப்புட்டீங்களா, கால வெட்டிப்புட்டீங்களா?"

பெண்கள் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. ஒவ்வொருத்தியும் தன் தன் கூடையைப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை, "அடுத்த ஆளு வா" என்று கத்தினார். அடுத்த ஆள் நான். நகரவில்லை. "தராசு மாத்துனாத்தான் கூடைய எறக்குவேன்" என்று சொன்னேன். எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம் என்று இன்றும் எனக்குத் தெரியாது. எனக்குப் பின்னால் அம்மா நின்றார். விட்டுவிடு என்று சொன்ன அதே அம்மா, கூடையின் தலைக்கயிற்றை இறுக்கிக்கொண்டு, "நானும்தான்" என்றார்.

மழை பிடித்தது. கொழுந்து கூடைக்குள்ளேயே சூடேறிக் கருகத் தொடங்கியது. கணக்கப்பிள்ளைக்கு மேலான கண்டாக்கு வந்தார், துரை வந்தார். யாரும் இறக்கவில்லை. இருட்டுவதற்குள் தொழிற்சாலையிலிருந்து வேறு தராசு வந்தது. பழைய தராசு கெட்டிருந்ததாக மட்டும் சொன்னார்கள். மன்னிப்பு என்று ஒரு வார்த்தை எவர் வாயிலிருந்தும் வரவில்லை. அன்று எனக்கு முழுப்பேர்.

அண்ணனுக்குப் பத்துச்சீட்டு. ஒரே வாரத்தில் வேலையிலிருந்து நீக்கி, தோட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்றார்கள். அவர் கால் வைக்கவில்லை. ஞாயிறு தவறாமல் மோட்டார் சைக்கிளில் வந்தார். காவல்காரர் கையைக் காட்டி நிறுத்தப் பார்ப்பார். அண்ணன் ஹார்னை அழுத்திக்கொண்டே லயத்து வாசல் வரை வந்துவிடுவார். அப்போது அவர் இரண்டாம் வகை ஸ்பிரிங் போட்டிருந்தார். அலுங்காமல் உட்கார்ந்து வருவார்.

பாஸிடம் வேலை செய்து, பிறகு மஸ்கெலியாவில் சொந்தமாகப் பட்டறை வைத்தார். ஸ்பிரிங் கேட்டு யார் வந்தாலும், ஸ்டேஷனில் எடை பார்த்துவிட்டு வரச் சொல்வார். துரைமார் வந்தாலும் அதே பேச்சுத்தான்.

சென்ற ஆண்டு நெஞ்சு நோய் அவரைப் படுக்கையில் தள்ளியது. ஆஸ்பத்திரியில் தாதி அவரை நிறுத்து, தொண்ணூற்றொன்று என்றாள். மூச்சு வாங்கிக்கொண்டே, "மிஸ்ஸி, தராசு நல்ல தராசுதானா?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன், பிறகு வெளியே போய் அழுதேன். நான்காம் நாள் அண்ணன் போய்விட்டார்.

இரவு பகல் பாராமல் துணை நின்ற உறவினர்களுக்கும், ஹட்டனிலிருந்து பஸ் ஏறி வந்து பாடை தூக்கிய பாஸுக்கும், அன்று கூடையை இறக்காமல் மழையில் நின்ற பெண்கள் ஒவ்வொருவருக்கும் என் கைகூப்பிய நன்றி. தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார்கள். சேர்க்கவில்லை.

அண்ணன் போன மறுமாதம், அவருடைய கடைசி மனுவும் திரும்பி வந்தது. அவர் இந்த நாட்டைச் சேர்ந்தவர் என்பதற்கு ஆதாரம் போதாதாம். ஸ்டேஷன் சீட்டு என் பெட்டிக்குள் இருக்கிறது. அண்ணனைப் பற்றி இந்த நாட்டு அரசாங்கம் குறைக்காமல் எழுதிக் கொடுத்த காகிதம் அது ஒன்றுதான்.