நூற்றுப்பத்து கிராம்

நெவில் பாஸ்கோவுக்கு வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. நாற்பத்தோரு வருஷம் ஃபேர்லியைச் சுற்றியிருக்கும் பண்ணைகளில் செம்மறிக்கு ரோமம் கத்தரித்தவன். நாளைக்கு முந்நூறு ஆடு, குனிந்த முதுகு குனிந்தபடி. ஒருமுறை கடா உதைத்து விலா எலும்பு முறிந்தது. "என்ன நெவ், தூங்கி வழியுற?" என்று மேஸ்திரி கேலியாகக் கேட்டுவிட்டார். அந்த ஒரு வார்த்தைக்காக, முறிந்த எலும்போடு மூன்று நாள் வேலை செய்தான். ஏன்டா இப்படி என்று கேட்டால், "அதெல்லாம் சரியாயிடும்" என்பான். இப்போது என் கடையில் யாராவது அந்த வார்த்தையைச் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

என் பெயர் டெஸ் ஹார்கிஸ். கடைவீதியில் துப்பாக்கியும் தூண்டிலும் விற்கிறேன். நெவ், அவன் மனைவி கோரல், நான், மூவரும் ஒரே வகுப்பு. ஊர் நடனத்துக்குக் கோரலை முதலில் கூப்பிட்டது நான்; அவள் போனது நெவ்வோடு. அதைச் சொல்லிச் சொல்லி இரண்டு பேரும் ஐம்பது வருஷம் என் மானத்தை வாங்கினார்கள். நான் மட்டும் சும்மா இருந்தேனா? என் வாயும் ஊரறிந்த வாய்தான்.

கத்தரியைக் கீழே வைத்த வருஷம் நெவ்வின் முதுகெலும்பில் மூன்று தட்டு தேய்ந்திருந்தது. பழைய துப்பாக்கி நான்கு கிலோவுக்கு மேல். அதைத் தூக்கிக்கொண்டு மலையேற இனி முடியாது. ஆனாலும் எங்கள் பக்கம் குளிர்காலமான ஜூன் மாதம் ராங்கிடாட்டா ஆற்றின் தலைமாட்டுக்குப் போய், பனியில் நிற்கும் வரையாட்டுக் கடாவைப் பார்க்காவிட்டால் அவனுக்கு அந்த வருஷம் வருஷமே இல்லை. அதனால் இரண்டேகால் கிலோவில் ஒரு புதுத் துப்பாக்கி வாங்கினான். பிப்ரவரி மாதம் ஒரு சனிக்கிழமை, அதன்மேல் தூரத்துக் குறி பார்க்கிற ஸ்கோப் மாட்டித் தரச்சொல்லி வந்தான். கோரலும் கூட வந்திருந்தாள்.

ஸ்கோப் பழையது, பெரியது. அவன் வேலையை விட்ட அன்று கோரல் வாங்கிக் கொடுத்தது. துப்பாக்கியின் முதுகில் ஓர் அடித்தட்டு, அதன்மேல் ஸ்கோப்பைக் கவ்விப் பிடிக்க இரண்டு வளையம். விஷயம் அவ்வளவுதான். ஆனால் எந்த வளையம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கடைப்பலகையில் இரண்டு ஜோடி எடுத்து வைத்தேன். ஒன்று ஸ்டீல், வளையத்துக்கு நான்கு ஸ்க்ரூ. இன்னொன்று அலுமினியம், வளையத்துக்கு இரண்டே ஸ்க்ரூ.

"டேய், துப்பாக்கி எவ்வளவு லேசோ அவ்வளவு உதைக்கும். இது கழுதை மாதிரி உதைக்கும். அதுமேல இந்த உலக்கைய வைக்கப் போற. அலுமினியம் தாங்காது, ஸ்டீலே போடு."

"எவ்ளோ எடை?"

தராசில் வைத்தேன். ஸ்டீல் இருநூறு கிராம். அலுமினியம் தொண்ணூறு.

"நூத்திப்பத்து கிராம் கூட! என்னை என்ன பொதிமாடுன்னு நெனச்சியா?"

"டூத் பிரஷ் காம்ப வெட்டி எறிஞ்சவன்தானே நீ."

"அது மட்டுமா?" என்றாள் கோரல். "டீ பையில இருக்கிற நூலக்கூட பிச்சுப் போட்டுட்டான், டெஸ். முதல்ல தொப்பைய வீட்டுல எறக்கி வச்சுட்டுப் போடா, ஆறு கிலோ மிச்சம்னு சொன்னேன்."

கடையில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் எரிச்சல். தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்கவேண்டாமா? "அப்ப சின்ன ஸ்கோப் போடு. அதுக்கு இந்த லேசு வளையம் போதும். பெரிய ஸ்கோப்பும் வேணும், லேசு வளையமும் வேணும்னா, கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசையா?"

நெவ் ஸ்கோப்பைக் கையில் எடுத்து, கோரலை ஒரு பார்வை பார்த்தான். "இதத்தான் போடுவேன். அந்த அலுமினியத்தையே மாட்டு. சரியாயிடும்."

அப்போதுதான் அதைச் சொன்னேன். கடையில் எல்லோரும் கேட்கும்படி, சத்தமாக. "சரி, உன் தலையெழுத்து. நழுவிச்சுன்னா அழுதுகிட்டு இங்க வராத. என் கடைப்படிய மிதிக்காத, ஆமா!"

எல்லோரும் சிரித்தார்கள். நெவ்தான் உரக்கச் சிரித்தான். ஆனால் அவன் காது சிவந்துபோனதைப் பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்க்ரூவை முடுக்க உட்கார்ந்துவிட்டேன்.

முடுக்கியதும் ஒவ்வொரு ஸ்க்ரூவின் தலையிலும் வளையத்திலும் சேர்த்து ஒரு கோடு போடுவது என் வழக்கம். ஸ்க்ரூ அசைந்தால் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அன்று என் சாயப் புட்டி காய்ந்திருந்தது. கோரல் கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்துக் கொடுத்தாள். விவசாயக் கண்காட்சிக்கு மட்டும் போடுகிற அடர் சிவப்பு. நாலு ஸ்க்ரூவுக்கும் நாலு சிவப்புக் கோடு போட்டேன்.

ஜூன் இரண்டாம் வாரம் நெவ் பக்கத்துப் பண்ணை வின்ஸோடு மலைக்குப் போனான். வின்ஸுக்கு முழங்கால் வீங்கி, மலைக் குடிசையிலேயே தங்கிவிட்டான். மத்தியானம் மூன்று மணிக்குக் கை ரேடியோவில் நெவ்வின் குரல் வந்ததாம். "நல்ல கடா, வின்ஸ். கீழ பட்டுடுச்சு, முன்னங்கால் போச்சு. பாறைக்குக் கீழ எறங்கிப் படுத்திருக்கு. நான் போய் முடிச்சுட்டு வரேன்."

"பனி வழுக்கும் நெவ், விட்டுட்டு வா."

"சரியாயிடும்."

எங்கள் பக்கம் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. காயம்பட்ட மிருகத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தவனுக்கு மதுக்கடையில் ஒருத்தனும் நகர்ந்து இடம் விடமாட்டான். நெவ் விடுகிற ஆளும் இல்லை. மறுநாள் ஹெலிகாப்டரில் போனவர்கள் அவனைப் பாறையின் அடியில் கண்டெடுத்தார்கள். துப்பாக்கி மேலேயே இருந்தது, முதுகுப்பையின் மேல் பத்திரமாகச் சாய்த்து வைத்தபடி. இரண்டு கையும் வேண்டிய இடம் என்பதால் கத்தியோடு மட்டும் இறங்கியிருக்கிறான்.

குண்டு ஏன் கீழே பட்டது என்று சாவு வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. பிறகு ஊர் பேசியது. "கிழவனுக்குக் கண்ணு போச்சு, ஒழுங்காப் பாத்திருந்தா கீழ அடிச்சிருப்பானா?" என்றார்கள். நானும் அந்தப் பேச்சின் நடுவில் நின்றிருக்கிறேன். எங்கே போயிற்று அந்த ஊரறிந்த வாய்?

செப்டம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை கோரல் கடைக்கு வந்தாள். துக்கத்துக்கு நான் இஞ்சி பிஸ்கட் போட்டு அனுப்பிய டின்னைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தாள். இன்னொரு கையில் துப்பாக்கி உறை. டின்னைப் பலகையில் வைத்தாள். உறையை அதன் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்கு ஒரு பதில் வேணும் டெஸ். அவன் கண்ணுதான் தப்பு பண்ணுச்சா?"

"ஊர்ப் பேச்சக் கேக்காத, கோரல்."

"ஊர் கெடக்கு. பொழுது சாஞ்சா அவன் வண்டி ஓட்டறத விட்டு ஒரு வருஷம் ஆச்சு. எனக்குத் தெரியும். கண் டாக்டர்கிட்ட போலாம்டான்னு வாய் வரைக்கும் வரும், அவன் ரோஷத்துக்குப் பயந்து முழுங்கிடுவேன். கண்ணுதான்னா, அவனை அனுப்பி வச்சது நான்தான். தெனம் ராத்திரி இதே நெனப்பு. பாத்துச் சொல்லு."

துப்பாக்கியை எடுத்து ஜன்னல் பக்கம் போனேன். பின் வளையத்தில் இரண்டு கோடும் அடர் சிவப்பு, உடையாமல் இருந்தன. முன் வளையத்தில் இரண்டு கோடு, ஆனால் ரோஜா நிறம். அதன் அடியிலிருந்து பழைய சிவப்பு நூலளவு தள்ளி எட்டிப் பார்த்தது.

"இந்த ரோஸ் கலர் ஏது?"

"என்னோடதுதான். ஏப்ரல்ல கேட்டான். என்னடா, நகம் வளக்கிறியான்னு சிரிச்சேன். கொட்டகைக்குப் பின்னால மூணு குண்டு சுட்டுப் பாத்தான். சரியாயிடுச்சுன்னான்."

திருகு சாவி போட்டேன். ஸ்க்ரூ ஒரு தடையும் இல்லாமல் சுற்றிச் சுற்றி வந்தது. வெளியே எடுத்தபோது, அதைச் சுற்றி அலுமினியம் நரைமுடி போலச் சுருண்டு வந்தது. உள்ளே மரை மொத்தமும் அழிந்திருந்தது. ஒருமுறை தளர்ந்திருக்கிறது, நாற்பது வருஷம் ஆடு பிடித்த அந்த மணிக்கட்டால் அவனே முறுக்கியிருக்கிறான். இரும்பு அந்த முறுக்கைத் தாங்கியிருக்கும். அலுமினியம் தாங்கவில்லை. மூன்று குண்டுக்கு நின்ற பிடி, மலையில் விட்டுவிட்டது.

ஒரு நிமிஷம் யோசித்தேன். மறைக்காமல் சொல்கிறேன், யோசித்தேன். கண்தான் என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவளோ அந்தப் பழியைத் தன் தலையில் ஏற்கெனவே தூக்கி வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முகத்தைப் பார்த்தேன். என்னால் முடியவில்லை.

"கண்ணு இல்ல கோரல். வளையம் நழுவியிருக்கு. அவன் பாத்த எடத்துக்குக் குண்டு போகல. கண்ணு நல்லாத்தான் இருந்துருக்கு."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அழுதாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் டின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டாள், "ஸ்டீல்னு சொன்னியே, அது இருக்கா?"

அன்றைக்கு எடுத்து வைத்த அதே ஜோடி அலமாரியில் இருந்தது. ஒரு கையில் அதை வாங்கினாள், மறு கையில் நான் கழற்றிய அலுமினியம். மாற்றி மாற்றித் தூக்கிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா? இதுக்கா, டெஸ்?"

"இதுக்கில்ல. திரும்பக் கொண்டுவந்திருந்தா பத்து நிமிஷ வேலை. படிய மிதிக்காதன்னு நான்தானே சொன்னேன். அதான் அவன் வரல."

"வந்தான்," என்றாள்.

எனக்கு விளங்கவில்லை.

"ஏப்ரல்ல வந்தோம். எதிர்த்தாப்புல பேக்கரி வாசல்ல வண்டிய நிறுத்தினோம். துப்பாக்கி பின்சீட்டுல. உன் கடைக்குள்ள ஆளுங்க நின்னாங்க. 'இத்தனை பேர் முன்னால டெஸ் என்னை உப்புக்கண்டம் போட்டுடுவான்'னான். கொஞ்ச நேரம் உக்காந்து பாத்தான். ஆளுங்க போகல. ஆளுக்கொரு கறி பஃப்ஸ் வாங்கித் தின்னுட்டு வீட்டுக்குத் திரும்பிட்டோம்."

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. கண்ணாடி வழியாக அவன் வண்டியைப் பார்த்தேன். உள்ளே வாயேன்டா என்று கூப்பிட நினைத்தேன். வாடிக்கைக்காரர் ஏதோ விலை கேட்டார். அங்கிருந்தே கையை ஆட்டினேன். நெவ்வும் கையில் பாதி தின்ற பஃப்ஸோடு ஆட்டினான்.