ஐம்பத்தைந்து இன்ச்சும் சமையலறை வாசலும்

"அந்த பாய் ஃபேமிலி மூணாவது வாட்டியா வருது. இன்னிக்கும் சும்மா அனுப்புனா, உன்ன மிக்ஸி செக்‌ஷனுக்கு மாத்திடுவேன்" என்றார் மேனேஜர்.

தாம்பரத்தில் ஒரு ஷோரூமின் டிவி செக்‌ஷனில் நான் சேர்ந்த புதிது அது. எங்கள் வீட்டில் காலேஜ் படிச்ச முதல் ஆள் நான். பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி எல்லா மாடலின் ஸ்பெக்கையும் படித்து வைத்திருந்தேன். ரெஃப்ரெஷ் ரேட், ரெசல்யூஷன் எதைக் கேட்டாலும் சொல்வேன். ஆனால் பில்தான் விழவில்லை.

ரஃபீக் பாய் பெருங்களத்தூரில் கார் ஏசி மெக்கானிக். புது ஃபிளாட்டுக்கு டிவி பார்க்க மனைவி சபீனா அக்காவோடு வந்திருந்தார். அவர் கண் ஐம்பத்தைந்து இன்ச்சிலேயே நின்றது. அந்த மாசம் நாங்கள் தள்ளிவிட வேண்டிய மாடலும் அதுதான்.

எங்கள் கடையில் டிவி சுவருக்கு எதிரே தரையில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கும். கஸ்டமரை அந்தக் கோட்டில் நிறுத்தித்தான் டெமோ காட்டுவோம். அங்கிருந்து பார்த்தால் எல்லா டிவியும் ஜொலிக்கும். பாய் கோட்டில் நின்றார். அக்கா மட்டும் தள்ளி, வாஷிங் மெஷின் பக்கம் நின்றுகொண்டு முகம் சுளித்தார்.

"அக்கா, கோட்டுக்கு வாங்க. நேரா பாத்தாதான் கலர் தெரியும்."

"வூட்ல நான் எப்பப்பா நேரா உக்காந்து பாத்தேன்?"

பாய் சிரித்தார். "அவ சீரியல் பாக்கறதில்ல தம்பி, கேக்கறா."

"ஆமா, நீங்க சோபால படுத்துகினு பாப்பீங்க. கிச்சன் வாசல் டிவிக்கு சைடுல கீது, நான் அங்க தோச திருப்பிகினே யாரு அழுவுறான்னு கொரல வச்சு கண்டுபுடிக்கணும்."

நான் அக்கா பக்கத்தில் போய் நின்றேன். ஐம்பத்தைந்தில் முகங்கள் எல்லாம் வெளுத்துப் போயிருந்தன. அடுத்திருந்த ஐம்பது இன்ச்சில் கலர் அப்படியே இருந்தது. அது வேறு பேனல். எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் கலர் மாறாது, அதாவது வியூயிங் ஆங்கிள், என்று நான் ஒப்பிக்கிற கடைசி வரி இதுதான். அதுவரை ஒருநாளும் பக்கவாட்டில் நின்று பார்த்ததில்லை.

மேனேஜர் கேஷ் கவுன்டரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். சொன்னால் வியாபாரமே கெட்டாலும் கெடலாம். இருந்தாலும் கூப்பிட்டேன். "பாய், அக்கா நிக்கிற எடத்துக்கு ஒரு நிமிஷம் வாங்க."

வந்து பார்த்தார். "இன்னாப்பா இது, அல்லாருக்கும் ஜுரம் வந்தா மாதிரி கீது?"

பக்கத்து டிவியைக் காட்டினேன். அவருக்கு மனசு வரவில்லை. "இது சின்னதாச்சே. மச்சான் வூட்ல அம்பத்தஞ்சு வச்சிகிறான்."

"அவங்க தெனம் ஓட்டல்ல வாங்கித் திங்கறாங்க" என்றார் அக்கா. "எனக்கும் அப்டியே வாங்கிக் குடுத்துடுங்க. நானும் சோபாலயே உக்காந்துக்கறேன். அம்பத்தஞ்சே எடுக்கலாம்."

பாய் இரண்டு டிவியையும் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அம்பதே பில் போடுப்பா."

மேனேஜர் "தள்ளச் சொன்னத விட்டுட்டு வேறத வித்துகிறியே" என்று முனகினார். ஆனால் மிக்ஸி பேச்சை அதற்குப் பிறகு எடுக்கவில்லை.

புதிதாகச் சேரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். எத்தனை இன்ச் வேண்டும் என்று முதலில் கேட்காதீர்கள். டிவி ஓடும்போது வீட்டில் யார் யார் எங்கே இருப்பார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன்னால் வீட்டுக்காரரும் வீட்டம்மாவும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொள்வார்கள். அந்த நேரத்தில் நாம் வாயைத் திறக்கக் கூடாது. எந்த டிவி என்பது அங்கேதான் முடிவாகிறது.